கிரனாடாவில் ஒரு நன்றி

ஸ்பெயினுக்குப் போகலாம் என்று முதலில் ஆரம்பித்தது நீலாதான். அபுதாபியில் ஷம்சியா குடியிருந்த கட்டடத்திலேயே கீழ்மாடியில் அவள் வீடு. கணவர் அனந்தகிருஷ்ணன் வங்கியில் இருந்தார். பெரிய டூர் கம்பெனிக்காரர்களோடு போய், கொடி பிடித்தவன் பின்னால் ஓட்டமும் நடையுமாய் ஊர் பார்ப்பது நீலாவுக்கு ஆகாது. "ஒரு வேன்ல அடங்கணும், ஒரு மேஜையைச் சுத்தி உட்கார்ந்து சாப்பிடணும். அதுக்கு மேல ஆள் சேர்ந்தா அது கல்யாண வீடு" என்பாள். வருடா வருடம் வசந்த விடுமுறையில் தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஊர்களைப் பற்றிப் படிப்பது, தங்கும் இடம் பிடிப்பது, எங்கே எதைச் சாப்பிடலாம் என்று விசாரிப்பது எல்லாம் அவள் பொறுப்பு.

இரண்டாயிரத்து ஒன்பதில் அந்த வேனில் எட்டுப் பேர். நீலாவும் அனந்தகிருஷ்ணனும், ஷம்சியா, அவள் கணவர் செய்கு முகம்மது, மகள் சப்ரீனா, முகம்மது சித்தீக், அவர் மனைவி ஜுபைதா, மகன் ஹஸ்னைன்.

செய்கு முகம்மதுவும் சித்தீக்கும் கீழக்கரைக்காரர்கள். ஒரே வகுப்பில் படித்தவர்கள். செய்கு முகம்மதுதான் முதலில் வளைகுடாவுக்கு வந்தார். அபுதாபியை ஒட்டிய முசஃபா தொழிற்பேட்டையில் கட்டடங்களுக்கு அலுமினிய ஜன்னலும் கண்ணாடிச் சுவரும் செய்யும் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு வருடம் கழித்து முதலாளியிடம் சொல்லி சித்தீக்குக்கும் விசா வாங்கி அனுப்பினார். தொழிலாளர் கேம்ப்பில் ஒரே ரூம், மேல்கட்டிலில் ஒருவர், கீழ்க்கட்டிலில் ஒருவர். பிறகு இருவருக்கும் கல்யாணமானது, குடும்பங்கள் வந்தன. செய்கு முகம்மது ஒர்க்ஷாப்பின் உற்பத்தியைப் பார்த்துக்கொண்டார். பேச்சு சாமர்த்தியம் உள்ள சித்தீக், கான்ட்ராக்டர்களைப் பார்த்து ஆர்டர் பிடித்து வருகிறவரானார். ஜுபைதாவுக்கு ஹஸ்னைன் பிறந்தபோது ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை. குளிப்பாட்டியது, பத்தியச் சோறு போட்டது, எல்லாம் ஷம்சியாதான். ஜுபைதாவுக்கு அவள் லாத்தா, அதாவது அக்கா, செய்கு முகம்மது காக்கா, அதாவது அண்ணன்.

கிளம்புவதற்கு முன் செய்கு முகம்மதுவுக்கு ஒரு தயக்கம் இருந்தது. பண நெருக்கடியில் வேலை நின்றுபோய், துபாயில் பாதிக் கட்டடங்களில் கிரேன்கள் அசையாமல் நின்றுகொண்டிருந்த நேரம் அது. "இப்ப லீவு போட்டு ஊர் சுத்தப் போறது சரியாடா?" என்று சித்தீக்கிடம் கேட்டார். ஷம்சியாவும் அப்போது பக்கத்தில் இருந்தாள்.

"நம்ம கம்பெனி எங்கேயும் போகாது மாப்ளே. நான்தானே ஆர்டர் பார்க்குறேன்? எனக்குத் தெரியாதா? பிள்ளைகள் வளர்ந்துட்டா நம்மகூட எங்கே வரப் போகுதுக?" என்றார் சித்தீக்.

அதற்குப் பிறகு செய்கு முகம்மது தயங்கவில்லை.

மாட்ரிட்டில் இறங்கியதுமே எல்லோருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. வேன் ஓட்டியவர் பெயர் ரஃபாயேல். ஓட்டுநரும் அவரே, வழிகாட்டியும் அவரே. வறுத்த மாவுக் குச்சிகளைக் கெட்டியான சாக்லேட்டில் முக்கி எடுத்து காலைப் பலகாரமாகச் சாப்பிடும் ஊர் என்று தெரிந்ததும் சப்ரீனா, "வாப்பா, நாம இங்கேயே இருந்துடலாம்" என்றாள். கடைக்குக் கடை கூரையிலிருந்து பன்றித் தொடைகள் வரிசையாகத் தொங்கின. ஜுபைதா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தாள். அந்த இறைச்சிக்கு அங்கே ஹமோன் என்று பெயர். சூப்பின் மேல்கூடத் தூவித் தருகிறார்கள். அது இல்லாமல் என்று சொல்ல 'சின் ஹமோன்' என்று ரஃபாயேல் கற்றுக்கொடுத்தார். அதிலிருந்து எந்தச் சாப்பாட்டுக் கடையில் நுழைந்தாலும் ஹஸ்னைன் முதல் ஆளாக ஓடிப்போய், "சின் ஹமோன், சின் ஹமோன்" என்று அறிவிப்பான். அவன் பின்னாலேயே அனந்தகிருஷ்ணன் போய், "மீனும் வேண்டாம், முட்டையும் வேண்டாம்" என்று இங்கிலீஷில் ஆரம்பிப்பார். கடைக்காரர்கள் இந்தக் கூட்டம் என்னதான் சாப்பிடும் என்று விழிப்பார்கள்.

கோர்தோபாவில் அதற்கும் விடை கிடைத்தது. கத்தரிக்காயைக் குச்சி குச்சியாக நறுக்கி, மொறுமொறுப்பாகப் பொரித்து, மேலே கரும்புப் பாகு ஊற்றிக் கொண்டுவந்தார்கள். நீலா ஒரு தட்டை முடித்துவிட்டு இன்னொன்று சொன்னாள். "கத்தரிக்காய்ல வெல்லப்பாகு ஊத்தினா எங்க மாமியார் வீட்டைவிட்டே அனுப்பியிருப்பார்" என்றாள். மேஜை முழுக்கச் சிரித்தது.

அந்த ஊர்ப் பழைய பள்ளிவாசல் இப்போது தேவாலயம். சிவப்பும் வெள்ளையுமாக வளைவு வளைவாக, தூண்களுக்கு முடிவே இல்லாததுபோல் இருந்தது. உள்ளே தொழக் கூடாது என்று ரஃபாயேல் முன்கூட்டியே சொல்லியிருந்தார். செய்கு முகம்மது, தொழும் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடத்துக்கு எதிரே கம்பித் தடுப்பைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். சித்தீக் வந்து அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். ஷம்சியா சற்றுத் தள்ளி நின்று அந்த இரண்டு முதுகுகளையும் புகைப்படம் எடுத்தாள்.

அந்தப் பயணம் முழுக்க சித்தீக் அவர்களிடம் வழக்கத்தைவிட அன்பாக இருந்தார். வேனில் செய்கு முகம்மதுவுக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தார். ஷம்சியாவின் பெட்டியை அவள் தொடும் முன்பே தூக்கிக்கொண்டார். சப்ரீனாவுக்கு விசிறி வாங்கித் தந்தார். ஷம்சியாவுக்கு அது சந்தோஷமாகவே இருந்தது.

கிரனாடாவில் அவர்கள் தங்கியது மேட்டுப் பகுதியில், நடுவில் முற்றம் வைத்த ஒரு பழைய வீட்டில். மறுநாள் மதியத்துக்கு மேல் ஆண்களும் பிள்ளைகளும் படுத்து ஓய்வெடுக்க, நீலா துணி பார்க்கப் போனாள். ஷம்சியாவும் ஜுபைதாவும் சரிவான கல்பாவிய தெருவில் இறங்கி, ஒரு மொராக்கோக்காரரின் தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தார்கள். புதினா போட்ட தேநீர் வந்தது, கூடவே பாதாம் வைத்த இனிப்பு. ஜுபைதா இனிப்பை உடைத்து உடைத்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"லாத்தா, ஒண்ணு சொல்லணும். இவுக யாருகிட்டயும் வாயைத் திறக்கக் கூடாதுன்டு சொல்லியிருக்காக. ஆனா உங்ககிட்ட சொல்லாம எனக்குச் சாப்பாடு இறங்க மாட்டேங்குது."

"என்னா, முழுகாம இருக்கியா?" என்று சிரித்தாள் ஷம்சியா.

"சும்மா இருங்க லாத்தா. ஹஸ்னைனுக்கு மீசை முளைக்குது." ஜுபைதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அல் கோபார் வேலையைத்தான் சொல்றேன். எல்லாம் முடிவாயிருச்சு. ஜூன்ல போறோம். வீடு அவங்களே குடுக்குறாங்க, ஹஸ்னைனுக்கு ஸ்கூலும் பார்த்தாச்சு. இம்புட்டும் உங்க ரெண்டு பேராலதானே லாத்தா? காக்காவுக்கு வந்த வேலை. நீங்க சவூதிக்கு வரவே மாட்டேன்டு ஒத்தக் கால்ல நின்டீங்களாமே. அதனால காக்கா, எனக்குத் தோதுப்படாது, என் கூட்டாளிக்குக் குடுங்கன்டு இவுக பேரைச் சொன்னாகளாம். இந்தக் காலத்துல கூடப் பொறந்தவன்கூடச் செய்ய மாட்டான். நான் தொழும்போதெல்லாம் உங்களுக்கு துஆ செய்யிறேன்."

ஷம்சியாவுக்குத் தேநீர்க் குவளை கையில் சுட்டது. அதைக் கீழே வைத்தாள்.

அல் கோபாரில் வேலை வந்ததே அவளுக்குத் தெரியாது. சவூதி என்ற பேச்சு அந்த வீட்டில் எழுந்ததே இல்லை. எழாத பேச்சுக்கு அவள் எப்போது ஒற்றைக் காலில் நின்றாள்? ஜுபைதாவின் கண்கள் கலங்கியிருந்தன. அவள் பொய் சொல்லவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"நல்லா இருங்க" என்று மட்டும் சொன்னாள் ஷம்சியா.

மேட்டில் ஏறித் திரும்பும்போது அவளுக்குள் கோபம் முழுக்கக் கணவர்மேல்தான் இருந்தது. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவள் தலையில் ஒரு பொய்யைத் தூக்கி வைத்திருக்கிறார். பெண்டாட்டி வர மாட்டேன் என்கிறாள் என்று வெளியில் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். தனக்கு விருப்பமில்லையென்றால் இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே? அவளை எதற்கு இழுக்க வேண்டும்?

மாலை அஸர் தொழுகைக்காக செய்கு முகம்மது மேட்டின் உச்சியில் இருந்த புதுப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். ஷம்சியாவும் அங்கே போய்த் தொழுதாள். தொழுகை முடிந்து வெளியே வந்தபோது அவர் தோட்டத்துக் கைப்பிடிச் சுவரோரம் தனியாக நின்றுகொண்டிருந்தார். எதிர்க் குன்றில் அல்ஹம்ரா கோட்டை செக்கச்செவேல் என்று தெரிந்தது. அதற்குப் பின்னால் மலையில் பனி.

"வா, இங்கே நின்டு பாரு" என்றார்.

அவள் பார்க்கவில்லை. "உங்களுக்கு அல் கோபார்ல வேலை வந்துச்சா?"

அவர் திரும்பினார். "யாரு சொன்னா?"

"வந்துச்சா, இல்லையா?"

"ஜனவரியில வந்துச்சு. புதுசா ஃபேக்டரி போடுறாங்க. முசஃபாவுக்கு வந்து நம்ம ஒர்க்ஷாப்பைப் பார்த்துட்டு, மேனேஜரா வர்றியான்டு கேட்டாங்க. வேண்டாம்ன்டுட்டேன். அது முடிஞ்சுபோன கதை."

"நான் சவூதிக்கு வர மாட்டேன்டு ஒத்தக் கால்ல நின்டேனாமே? எப்ப நின்டேன்?"

"நீ நின்டேன்டு நான் யாருகிட்டச் சொன்னேன்?"

அவர் முகத்தில் இருந்தது குற்ற உணர்ச்சி இல்லை, குழப்பம். ஷம்சியாவின் குரல் தானாகவே இறங்கியது. "அப்புறம் எதுக்கு வேண்டாம்ன்டீங்க? என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். "உன்னை நினைச்சுத்தான். சித்தீக்கிட்டதான் முதல்ல சொன்னேன். அவன்தான் கேட்டான், ஷம்சியா நாலஞ்சு தடவை டெஸ்ட் குடுத்து லைசென்ஸ் வாங்கினவ, தானே கார் ஓட்டிக்கிட்டுப் போறவ, பொம்பளை கார் ஓட்டக் கூடாத ஊர்ல கொண்டுபோய் நாலு சுவத்துக்குள்ள வைக்கப் போறியான்டு. அவகிட்டக் கேக்கவும் செய்யாதே, உனக்காகச் சரின்டு சொல்லிட்டு அவ மனசுக்குள்ளயே குமைவான்டு சொன்னான். எனக்கும் அது ஞாயமாத்தான் பட்டுச்சு."

"வேண்டாம்ன்டு அவங்ககிட்ட யாரு சொன்னா?"

"அவன்தான். அவங்க பெரிய ஆளுக. பக்குவமா இங்கிலீஷ்ல மறுத்துப் பேசணும். எனக்கு அது வராதுல்ல. நம்பரைக் குடுத்து நீயே பேசிருடான்டேன்."

ஷம்சியா சொன்னாள்: "அந்த வேலைக்கு ஜூன்ல சித்தீக் காக்கா போறாக. ஜுபைதா இப்பத்தான் எனக்கு நன்றி சொன்னா."

செய்கு முகம்மது சிரித்தார். ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டவர்போலச் சிரித்தார். அவள் தேநீர்க் கடையில் கேட்டதை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு முகத்திலேயே நின்று, எப்போது போனதென்று தெரியாமல் போனது. சுற்றுலாப் பயணிகள் இரண்டு பேர் வந்து, தங்களைக் கோட்டையோடு சேர்த்துப் படம் எடுத்துத் தர முடியுமா என்று சைகையில் கேட்டார்கள். அவர் கேமராவை வாங்கிப் படம் எடுத்துக் கொடுத்தார். முதல் படத்தில் கோட்டை விழவில்லை, இன்னொரு தடவை எடுத்தார்.

அவர்கள் போன பிறகு, "நான் நம்பரைக் குடுத்தேன் ஷம்சியா" என்றார். "என் கையால குடுத்தேன்."

அவளுக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது. ஆனால் வருத்தம் முழுதாகப் போகவில்லை. "நீங்க என்னைக் கேட்டிருந்தா நான் வந்திருப்பேன்" என்றாள். "கார் என்னா பெரிய கார்? நீங்க ரெண்டு பேரும் உக்காந்து என் மனசுல என்னா இருக்குன்டு பேசி முடிச்சிருக்கீங்க. என்னைத் தவிர எல்லாரும் பேசியிருக்கீங்க."

மேட்டிலிருந்து இறங்கும்போது அவர், "பிள்ளைகள் முன்னாடி வேண்டாம். ஊர் போய்ப் பேசிக்கிறேன்" என்றார். அவள் சரி என்றாள்.

மறுநாள் அல்ஹம்ராவைச் சுற்றிப் பார்த்தார்கள். நீரோடைகளும் செதுக்கிய சுவர்களும் ஷம்சியாவின் கண்ணில் பட்டதோடு சரி. சுவர் முழுக்க அரபு எழுத்து ஓடியது. ஹஸ்னைன் எழுத்துக் கூட்டி வாசித்து, 'வெற்றியாளன் இறைவன் ஒருவனே' என்று வருகிறது என்றான். சித்தீக் மகனைத் தட்டிக்கொடுத்தார். செய்கு முகம்மது மத்தியானம் சாப்பிடவில்லை. "மாப்ளைக்கு வயிறு சரியில்லை போல" என்று சித்தீக் எங்கோ போய் எலுமிச்சையும் சோடாவும் வாங்கி வந்து, உப்புப் போட்டுக் கலக்கி நீட்டினார். செய்கு முகம்மது அதை வாங்கிக் குடித்தார். அந்தக் காட்சியை ஷம்சியாவால் தாங்க முடியவில்லை. பெட்டியைத் தூக்கியது, ஜன்னல் சீட்டு கொடுத்தது, விசிறி வாங்கியது, கோர்தோபாவில் தோளில் கை போட்டது என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து, ஒவ்வொன்றும் வேறு மாதிரியாகத் தெரிந்தது.

செவில்லாவில் நீலா தேடிப் பிடித்து வைத்திருந்தது ஆற்றங்கரையில் பொரித்த மீனுக்குப் பேர்போன ஒரு கடை. "கீழக்கரைக்காரங்க வந்து மார்க் போடட்டும்" என்று அபுதாபியிலேயே சொல்லியிருந்தாள். நெத்திலி, சுறாத் துண்டு, கணவாய் என்று மாவில் புரட்டிப் பொரித்து, குவியல் குவியலாக வந்தது. அவளுக்கும் அனந்தகிருஷ்ணனுக்கும் கீரையும் கொண்டைக்கடலையும். பிள்ளைகள் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ரஃபாயேலோடு படகு பார்க்கப் போய்விட்டார்கள். வெளியே வெயில், தெரு முழுக்க ஆரஞ்சுப் பூ வாசனை.

சித்தீக் ஒரு பெரிய சுறாத் துண்டை எடுத்து முள் பார்த்து உதிர்த்து, செய்கு முகம்மதுவின் தட்டில் வைத்தார். "சாப்பிடு மாப்ளே. நேத்தே ஒண்ணும் திங்கலை நீ."

ஷம்சியா அந்தத் தட்டைப் பார்த்தாள். ஊர் போய்ப் பேசுவதாக ஒத்துக்கொண்டது அவளுக்கு மறந்துபோனது.

"சித்தீக் காக்கா, சவூதிக்கு வர மாட்டேன்டு நான் உங்ககிட்ட எப்பச் சொன்னேன்?"

சித்தீக் கையில் எண்ணெயோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு ஜுபைதாவைப் பார்த்தார்.

"நன்றி சொல்லாம எப்படி இருக்கிறது? அதான் நான்…" என்ற ஜுபைதா, யாருடைய முகமும் சரியில்லாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"என்னா ஷம்சியா, அதுக்கென்ன இப்போ? உன் கஷ்டத்தைத்தான் நான் எடுத்துச் சொன்னேன். வேண்டாம்ன்டது அவன்தானே?" என்றார் சித்தீக்.

"வேண்டாம்ன்டு சொல்ல வச்சது யாரு?"

"கையைப் பிடிச்சு எழுதி வாங்கினேனா? அவன் விட்ட வேலை. சும்மாக் கிடந்துச்சு. யாராச்சும் ஒருத்தன் போகத்தான் போறான். அது நானாயிருந்தா என்னா?"

நீலாவும் அனந்தகிருஷ்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இங்க வேண்டாமே சார், ரூமுக்குப் போய்ப் பேசிக்கலாமே" என்று அனந்தகிருஷ்ணன் மெல்லச் சொன்னார்.

செய்கு முகம்மது முதல்முறையாக வாய் திறந்தார். குரல் உயரவே இல்லை. "ஒண்ணு மட்டும் சொல்லுடா. எனக்காகப் பேசுறேன்டு நம்பரை வாங்கிட்டுப் போனியே, அன்னைக்கு நான் வேண்டாம்ன்டதை முதல்ல சொன்னியா, உனக்கு வேணும்ன்டதை முதல்ல சொன்னியா?"

"என்னா மாப்ளே, கோர்ட்ல கேக்குற மாதிரி."

"சொல்லு."

சித்தீக் காகிதத்தில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். திடீரென்று அவர் குரலில் கோபம் வந்தது. "டிசம்பர்லேருந்து ஒரு ஆர்டர் வரலைடா! ஒவ்வொரு கான்ட்ராக்டர் ஆபீஸா போய் வாசல்ல நின்டவன் நான். குடுத்த ஆர்டரையும் கேன்சல் பண்ணிட்டான். நோன்பு வரைக்கும்கூட கம்பெனி தாங்காது. எனக்கும் ஒரு பிள்ளை இருக்கான். நான் என்னா செய்ய?"

"தாங்காதுன்டு உனக்கு டிசம்பர்லயே தெரியும்" என்றார் செய்கு முகம்மது. கேள்வியாகக் கேட்கவில்லை. "தெரிஞ்சுகிட்டேதான் எங்கேயும் போகாதுன்டு என்கிட்டச் சொன்னே. வர்ற வேலையை விட்டுருன்டும் சொன்னே. இங்கே வர்றதுக்கு முன்னாடிகூடக் கேட்டேனேடா."

சித்தீக் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவை ஷம்சியா பார்த்தாள். ஒரு நிமிடம், அவர் அழுதுவிடுவார் என்றுகூட நினைத்தாள்.

அப்போது பேசியது ஜுபைதா. அவள் முகம் வெளுத்திருந்தது. கணவரை ஒரு பார்வை பார்த்தாள். ஏமாந்தவள் பார்க்கும் பார்வைதான் அது. கணவர் சொன்ன கதையை நம்பி துஆ செய்தவள் அவள். ஆனால் ஷம்சியாவின் பக்கம் திரும்பியபோது வந்த வார்த்தை வேறாக இருந்தது.

"வேண்டாம்ன்டு விட்டதைத்தானே லாத்தா எடுத்துக்கிட்டோம்? யாரு கையிலேருந்தும் பறிக்கலியே."

சித்தீக் செய்ததைவிட அந்த ஒரு வாக்கியம்தான் ஷம்சியாவுக்குள் ஆழமாக இறங்கியது. அவள் எழுந்து வெளியே போனாள். நீலா பின்னாலேயே வந்து, அவள் பக்கத்தில் ஆற்றைப் பார்த்தபடி நின்றாள். தூரத்தில் படகுத்துறையில் சப்ரீனாவும் ஹஸ்னைனும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மாட்ரிட்டுக்குத் திரும்பிய வேனில் யாரும் பேசவில்லை. வழிநெடுக ஆலிவ் மரங்கள். பிள்ளைகள் முதலில் என்ன என்று கேட்டார்கள், பிறகு அவர்களும் அமைதியானார்கள். நடுவழியில் சாப்பிட நிறுத்தியபோது இரண்டு குடும்பமும் வேறு வேறு மேஜைகளில் உட்கார்ந்தன. எங்கே உட்காருவது என்று தெரியாமல் அனந்தகிருஷ்ணன் காபிக் குவளையோடு நின்றுகொண்டே குடித்தார். விமான நிலையத்தில் நீலா ஷம்சியாவிடம், "இனிமே நான் குரூப் சேர்க்கப் போறதில்லை" என்றாள். சொன்னபடியே அவள் பிறகு யாரையும் சேர்க்கவில்லை.

சித்தீக் மே மாதம் ராஜினாமா செய்தார். ஒர்க்ஷாப்பில் அவருக்கு விருந்து வைத்தார்கள். செய்கு முகம்மது அன்று சைட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டார். சித்தீக் சொன்னது ஒன்று மட்டும் பலித்தது. ஆகஸ்டில், நோன்பு பிறப்பதற்கு முன்பே ஒர்க்ஷாப்பை மூடிவிட்டார்கள். விசாவை ரத்து செய்வதற்குள் வேறு வேலை பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர். முசஃபாவில் எல்லா வாசலிலும் வேலை போனவர்கள் நின்றார்கள். இரண்டு மாதம் முன்னால் அவர் அதட்டி வேலை வாங்கிய வெல்டர்களோடு அவரும் ஒரே வரிசையில் நின்றார். வீட்டுக்கு வந்தால் சப்ரீனாவிடம் மட்டும் சிரித்துப் பேசுவார்.

அந்த நாட்களில்தான் அனந்தகிருஷ்ணன் ஒரு சேதியோடு மாடி ஏறி வந்தார். சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது. "சித்தீக் போன் பண்ணினார். அங்க புரொடக்ஷனுக்கு சூப்பர்வைசர் வேணுமாம். நீங்க சரின்னா உடனே விசா அனுப்பறேங்கறார். அவருக்குக் கீழதான். நான் சொல்லிட்டேன், முடிவு உங்களோடது."

அவர் போன பிறகு செய்கு முகம்மது வெகுநேரம் சோபாவில் உட்கார்ந்திருந்தார். பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"இந்தத் தடவை உன்கிட்டக் கேக்குறேன். நான் போகட்டுமா? சப்ரீனா படிப்பு கெடாம இருக்கும். என் ரோஷத்தை விட்டுட்டா போதும்."

ஷம்சியா அடுப்பை அணைத்தாள். அவர் கேட்டதற்காகவே அவளுக்கு அழுகை வந்தது. "சவூதின்டா சவூதி. பாலைவனத்து நடுவுல கூடாரம் போட்டாலும் வர்றேன். ஆனா அவுகளுக்குக் கீழ நீங்க நிக்க வேண்டாம். ஊருக்கே போனாலும் பரவாயில்லை."

ஊருக்குப் போக வேண்டியிருக்கவில்லை. பஹ்ரைனில் ஒரு சின்ன ஒர்க்ஷாப்பில், முன்பு பார்த்ததைவிட இறங்கின வேலை ஒன்று கிடைத்தது. தலைநகர் மனாமாவின் குதைபியா பகுதியில் இரண்டு அறை வீடு. கீழே மளிகைக் கடை, எதிரே தையல் கடை, பேச்சுத் துணைக்குத் தமிழர்கள். சப்ரீனாவுக்குப் பழைய தோழிகள் இல்லாத வருத்தம் கொஞ்ச நாள் இருந்தது, பிறகு புதுத் தோழிகள் வந்தார்கள்.

பஹ்ரைனுக்கும் அல் கோபாருக்கும் நடுவில் கடல்மேல் ஒரு பாலம்தான். வெள்ளிக்கிழமையானால் அங்கேயிருந்து குடும்பம் குடும்பமாக மனாமாவுக்கு வந்து, கடை பார்த்து, சாப்பிட்டுப் போவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு கதவு தட்டிய சத்தம் கேட்டு ஷம்சியா திறந்தாள். ஜுபைதா நின்றாள், கையில் பலகாரப் பை. பக்கத்தில் ஹஸ்னைன், இன்னும் உயர்ந்துவிட்டான்.

"உள்ளே வா" என்றாள் ஷம்சியா.

ஹஸ்னைனும் சப்ரீனாவும் இங்கிலீஷில் பேசிக்கொண்டே உள்ளறைக்குப் போய்விட்டார்கள். ஜுபைதா உட்காரவில்லை. "அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது லாத்தா. வீட்டுக்காரரை விட்டுக்குடுக்க முடியலை. அதுக்கப்புறம் ஒரு நாள்கூட நான் நிம்மதியாத் தூங்கலை." அவள் அழுதாள்.

ஷம்சியா அவளை உட்கார வைத்துத் தேநீர் போட்டாள். பழைய நெருக்கம் வரவில்லை. ஆனால் அழுகிறவளை நிற்க வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவும் அவளால் முடியவில்லை.

"இவுக கீழே கார்லதான் இருக்காக" என்றாள் ஜுபைதா, குவளையைப் பார்த்தபடி. "மேலே வர பயமா இருக்குன்டாக."

ஷம்சியா கூடத்தில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள். வரச் சொல் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் பள்ளிவாசலிலிருந்து அஸர் பாங்கு கேட்டது. செய்கு முகம்மது தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஷம்சியா ஜன்னலோரம் போய் நின்றாள்.

தெருவில் தையல் கடைக்கு முன்னால் ஒரு புதிய வெள்ளை கார் நின்றது. அவர் அதைத் தாண்டித்தான் பள்ளிவாசலுக்குப் போக வேண்டும். அவர் நெருங்கியதும் காரின் கண்ணாடி இறங்கியது. சித்தீக் தலையை வெளியே நீட்டி ஸலாம் சொன்னது அவர் உதடசைவிலேயே தெரிந்தது.

செய்கு முகம்மது நின்றார். திரும்பிப் பார்த்து, ஸலாமுக்குச் சொல்ல வேண்டிய பதிலைச் சொன்னார். சித்தீக் கதவைத் திறக்கக் கையை வைத்தார். அதற்குள் செய்கு முகம்மது நடக்க ஆரம்பித்துவிட்டார். முனையில் திரும்பும்வரை அவர் நடை வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை.